நிலாவும் வேணும், நெருப்பும் வேணும்: பௌர்ணமி ராத்திரியில் பூக்குழிப் படம்

கேள்வி, ஏப்ரல் 24, 2025

அண்ணே, வணக்கம். ஊர் தேவகோட்டைப் பக்கம். எங்க மாரியம்மனுக்கு இந்தத் தடவை சித்ரா பௌர்ணமி அன்னைக்குச் சாயங்காலம் பூ வளர்த்து (பூக்குழிக்குத் தீ மூட்டி), மறுநாள் விடியக்காலம் பூக்குழி இறங்குறாங்க. கோயிலுக்கு முன்னாடி பெரிய பொட்டல், ஓரத்துல ஊருணி. நிலா பட்டப்பகல் மாதிரி அடிக்கும். எனக்கு ஒரே படத்துல கொழுந்துவிட்டு எரியிற தீ, மேல நிலா, நிலா வெளிச்சத்துல பொட்டல், சுத்தி நிக்கிற ஜனம் எல்லாம் வரணும். போன வருசம் எடுத்ததுல தீ வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப் போச்சு, மத்ததெல்லாம் கறுப்பு. இன்டர்நெட்ல பார்த்தா "வானம் நீலமா இருக்கும்போது எடு"ன்னு எழுதியிருக்கான். எங்க ஊர்ல ராத்திரி வானம் நீலமா எப்ப இருக்குது? கேமரா இருக்கு, 50 லென்ஸ், ஒரு 70-200, ஸ்டாண்டும் உண்டு.

ஏப்ரல் 24, இரவு

நாலு கேட்டிருக்கீங்க தம்பி. மூணு கிடைக்கும். எந்த மூணு என்பதை நாளைக்கு எழுதுறேன், கல்யாண ஆல்பம் ஒன்று பாக்கி கிடக்கு.

ஏப்ரல் 25

முதல்ல கணக்கு. கணக்குப் பிடிக்காதவங்க கடைசி பாராவுக்குப் போயிடுங்க.

வெளிச்சத்தை ஸ்டாப்பில் எண்ணுவோம். ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பு. ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை வாங்குகிற கூர்மை) 100 வைத்து எண்ணும் அளவில், உச்சியில் இருக்கிற முழுநிலாவின் முகம் ஏறக்குறைய 14. ஆச்சரியமாக இருக்கும், ஆனா நிலா என்பது வெயிலில் கிடக்கிற ஒரு பாறைதானே. பகல்ல பாறையைப் படம் எடுக்கிற அளவுதான் அதுக்கும். எஃப்/11 (லென்ஸ் துவார அளவு, எண் ஏறினால் துவாரம் சிறிசு) வைத்து, ஐஎஸ்ஓ என்னவோ அதுவே ஷட்டர் (திறந்திருக்கிற நேரம், நொடியில் எத்தனையில் ஒரு பங்கு) என்று பழைய ஆட்கள் சொல்வாங்க: ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100.

நல்லா எரிகிற பெருந்தீயின் சுவாலை 9 சுமார். நிலா வெளிச்சம் விழுந்த தரை? மைனஸ் 2, மைனஸ் 3.

ஆக தீக்கும் தரைக்கும் நடுவே 11, 12 ஸ்டாப். ரெண்டாயிரத்திலிருந்து நாலாயிரம் மடங்கு. நிலா வெளிச்சத் தரை படத்துல தெரியணும்னா எஃப்/2.8, ஐஎஸ்ஓ 1600, ரெண்டு முதல் நாலு நொடி திறந்து வைக்கணும். அந்த நாலு நொடியில் உங்க தீ வெள்ளைத் துணி இல்ல, வெள்ளை வேட்டிக் கடையே ஆகிப்போகும். தீயை ஒழுங்காப் பிடிக்க ஐஎஸ்ஓ 400, எஃப்/2.8, 1/250 போதும். அதில் தரை சுத்தக் கறுப்பு.

இன்றைய நல்ல சென்சார் 14 ஸ்டாப் வாங்கும்னு பெட்டியில் போட்டிருப்பான். அது ஐஎஸ்ஓ 100ல, ஆய்வுக்கூடத்துல. இருட்டின் அடிமட்டத்திலிருந்து தூக்கினா வர்றது படம் இல்ல, ரவை ரவையாப் புள்ளி.

கண்ணுக்கு மட்டும் எல்லாம் தெரியுதேன்னு கேப்பீங்க. கண் தீயைப் பார்க்கும்போது ஒரு அளவு, பொட்டலைப் பார்க்கும்போது ஒரு அளவு. ரெண்டையும் மூளை ஒட்டித் தருது. கேமராவுக்கு அந்த மூளை கிடையாது.

கடைசி பாரா: நிலாவும் தீயும் ஒரே படத்துல சேரும். நிலா வெளிச்சமும் தீயும்தான் சேராது. இந்த ரெண்டையும் ஒண்ணா நினைக்கிறதுதான் இங்கே முக்கால்வாசி பேருக்குச் சிக்கல். நிலா ஒரு பொருள். நிலா வெளிச்சம் தரையில் கிடக்கிற ஒரு அளவு. வேற வேற.

ஏப்ரல் 25, கொஞ்சம் கழித்து

"அப்ப நிலா 14, தீ 9. அதுவே அஞ்சு ஸ்டாப் வித்தியாசம், எப்படிச் சேரும்?" என்று ஒருத்தர் சரியாகப் பிடித்துக் கேட்டிருக்கார். உச்சி நிலாவோடு சேராது. கீழே இருக்கிற நிலாவோடு சேரும். தொடுவானத்தை ஒட்டி இருக்கும்போது அதன் ஒளி கனமான காற்றையும் புழுதியையும் கடந்து வரணும். ரெண்டு மூணு ஸ்டாப் மங்கிடும், நிறமும் மஞ்சளாகும். சித்திரை மாசத்துப் புழுதிக்கு இன்னும் கூடவே மங்கும். அப்போ தீக்கும் நிலாவுக்கும் ஒரே அளவு போதும். ஆகவே உங்களுக்குத் தேவை தாழ்ந்த நிலா. ராத்திரி பத்து மணி நிலா இல்ல.

ஏப்ரல் 27

இப்போ அந்த "நீல வானம்" விஷயம். அதை எழுதினவன் பொய் சொல்லல. அவன் ஊர் வேற.

பின்லாந்துல ஜூன் கடைசியில் யுஹன்னுஸ் என்று ஒரு திருநாள். 20லிருந்து 26க்குள் வருகிற சனிக்கிழமை. ஏரிக்கரையில் கொக்கோ என்று பெரிய விறகுக் குவியல் கொளுத்துவாங்க. சித்தப்பா மகன் அங்கே வேலைக்குப் போனதிலிருந்து வருசா வருசம் படம் அனுப்புவான், அதனால தெரியும். ஹெல்சிங்கியில் அந்த வாரம் சூரியன் மறையவே இரவு பத்தே முக்கால் தாண்டிவிடும். நடுநிசியிலும் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி சொச்சம்தான். ராத்திரி பூரா நம்ம ஊர் அந்தி மாதிரியே வானம் வெளுத்துக் கிடக்கும். அவன் டீ குடிச்சிட்டு வந்துகூட எடுக்கலாம்.

நமக்கு? காரைக்குடி 10 டிகிரி வடக்கு. சூரியன் செங்குத்தாக் கீழே விழும். மே 12 அன்று சாயங்காலம் 6.28 சுமாருக்கு மறையும், 6.50க்கெல்லாம் அந்தி முடிஞ்சிடும். இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் தீயும் எழும்பி இருக்கணும், நிலாவும் மரத்துக்கு மேல வந்திருக்கணும், நீங்களும் சரியான இடத்துல நிக்கணும்.

அங்கே எழுதின குறிப்பை இங்கே படிச்சா இப்படித்தான் ஆகும். வானம் நீலமா இருக்கும்போது எடு என்பது நமக்கும் பொருந்தும், ஆனா "பொறுமையா எடு" என்பது பொருந்தாது.

ஏப்ரல் 27, இரவு

சித்தப்பா மகன் படித்துவிட்டு போன் பண்ணினான். "அங்கே டீ இல்ல, காபி" என்கிறான். சரி, காபி.

ஏப்ரல் 29

எங்கே நிக்கிறது என்று கேட்டீங்க. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

வெயில் காலத்து முழுநிலா நேர் கிழக்கில் எழாது. தெற்கே தள்ளி எழும். சூரியன் வடக்கே போயிருக்கிற மாசத்துல அதுக்கு எதிரே நிக்கிற பௌர்ணமி நிலா தெற்கே இருக்கும், அவ்வளவுதான் விஷயம். மே 12 சாயங்காலம் கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் இடைப்பட்ட இடத்தில், சூரியன் மறைவதை ஒட்டி எழும். ஆக நீங்க தீக்கு வடமேற்கே, கொஞ்சம் மேற்கு வாட்டத்துல நிக்கணும். அந்திச் செவ்வானம் உங்க முதுகுக்குப் பின்னாடி. தீக்குப் பின்னாடி கிழக்கு வானம் நீலச் சாம்பல் நிறத்துல ஏறிக்கிட்டு வரும். அந்தப் பின்னணியில் தீயின் நிறம் தனியா எடுத்துக் காட்டும்.

6.50க்கு நிலா எவ்வளவு உயரம் இருக்கும்? ஐந்தாறு டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது பத்து டிகிரி. அதில் பாதி, இல்ல பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். உங்க பொட்டலுக்குக் கிழக்கே புளியமரம் இருந்தால் போச்சு. முதல்நாள் சாயங்காலம் போய் முஷ்டி வைத்துப் பாருங்க. முதல்நாள் நிலா முக்கால் மணி, ஒரு மணி முன்னாடியே வந்திருக்கும். இடம் பார்க்க மட்டும் அது.

அடுத்தது தூரம். 50 லென்ஸ் வைத்து தீக்குப் பக்கத்துல நின்னா நிலா ஒரு மிளகு. எவ்வளவு பெரிய நிலா வேணும் என்பது லென்ஸைப் பொறுத்தது இல்ல, நீங்க தீயிலிருந்து எவ்வளவு தள்ளி நிக்கிறீங்க என்பதைப் பொறுத்தது. தூரத்தை 110ஆல் வகுங்க. நூறு மீட்டர் தள்ளி நின்னா, தீக்குப் பின்னாடி நிலா ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிக்கும். பக்கத்துல நிக்கிற பொம்பளைப்பிள்ளையின் இடுப்பு உயரம். இருபது மீட்டரில் நின்னா 18 சென்டிமீட்டர்தான். ஆக தூரத்தை இழுக்கிற 70-200 லென்ஸை எடுத்துக்கிட்டுப் பொட்டலின் மறுகோடிக்குப் போயிடுங்க. நம்ம சீமையில் தண்ணி இல்லாட்டியும் பொட்டலுக்குப் பஞ்சம் கிடையாது.

இன்னொன்று, தள்ளி நின்னால் தீயின் மேலே துடிக்கிற அனல் காற்று வழியாத்தான் நிலாவைப் பார்ப்பீங்க. நிலாவின் ஓரம் நெளியும். தீக்கு நேர் மேலே நிலாவை வைக்காம, பக்கவாட்டில் ஒரு ஆள் அகலம் தள்ளி வைங்க.

ஏப்ரல் 30

போனில் எடுக்கிறவங்களுக்கு: நைட் மோடை அணைங்க. அது பல படங்களை எடுத்து ஒட்டும். தீ ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு உருவம். ஒட்டினால் ஆரஞ்சுச் சளிதான் மிஞ்சும். தீயின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டி, சூரியக் குறியைக் கீழே இழுங்க. சுவாலைக்குள்ளே மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரிகிற வரை இழுக்கணும். முடிஞ்சது.

மே 2

கானாடுகாத்தான் அக்கா ஒருத்தங்க எழுதியிருக்காங்க: "எங்க வீட்டு முகப்புச் சுவர் பௌர்ணமிக்குப் பளபளன்னு தெரியும், அதையே போன்ல எடுத்திருக்கேன், தரையெல்லாம் தெரியாதுங்கிறீங்களே?"

நீங்க சொல்றது சரிதான் அக்கா, காரணம் அந்தச் சுவர். முட்டை வெள்ளைக் கரு கலந்து தேய்த்த சுண்ணாம்புச் சுவர், விழுகிற வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிடும். பொட்டலில் இருக்கிறது செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும். அது பெரும்பகுதியைத் தின்னுடும். ரெண்டுக்கும் நடுவே ரெண்டு ஸ்டாப் சும்மாவே வித்தியாசம் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கு. செம்மண் நீல வெளிச்சத்தைத் தின்னும், சிவப்பைத் திருப்பும். தீ வெளிச்சமோ சிவப்பும் மஞ்சளும் நிறைஞ்சது. அதனால தீயைச் சுற்றி நாலு மீட்டருக்குச் செம்மண் தகதகன்னு எரிகிற மாதிரித் தெரியும், அதைத் தாண்டினா திடீர்னு கிணறு. கரிசல் காட்டில் எடுத்தால் இந்த எடுப்பு வராது. நம்ம ஊர் பூக்குழிப் படங்களைப் பார்த்ததும் இது செட்டிநாடுன்னு எனக்குத் தெரியிறதுக்கு இந்த மண்தான் காரணம், கோபுரம் இல்ல.

ஊருணியை மறந்துடாதீங்க. சித்திரையில் பாதிதான் தண்ணி கிடக்கும், காற்று அடங்கினால் பாதியே போதும். படித்துறையில் தாழ உட்கார்ந்து எதிர்க்கரைத் தீயைப் பிடித்தால் ஒரு தீக்கு ரெண்டு தீ. பிம்பம் எப்பவும் நிஜத்தைவிட மங்கல், அதனால தீ வெளுத்தாலும் தண்ணியில் நிறம் நிக்கும். செருப்பைக் கழற்றிட்டு இறங்குங்க. குடிதண்ணி ஊருணியாக இருந்தால் காலையும் நனைக்காதீங்க. ஊர்க்காரங்க கேமராவைப் பார்த்துக் கோபப்பட மாட்டாங்க, செருப்பைப் பார்த்தாக் கோபப்படுவாங்க.

மே 3

தீயின் உருவம் பற்றி ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க.

1/250, 1/500 வைத்தால் சுவாலை கிழிந்து கிழிந்து, நுனி கூராக, ஓலை மாதிரி நிக்கும். 1/30க்கு வந்தால் மெத்துன்னு ஆகும். ஒரு நொடி என்றால் வெறும் மஞ்சள் மூட்டை. ஆனா பொறி பறக்கிறது வேணும்னா 1/8லிருந்து ஒரு நொடி வரை போகலாம், கோடு கோடாக வரும். அதற்கு விறகைப் புரட்டிப் போடுகிற நேரம் பார்த்து நிக்கணும். புளிய விறகும் கருவேலமும் கலந்து அடுக்கியிருந்தால் புரட்டும்போது பொறி அள்ளும்.

பெரிய தீ மூச்சு விடும், கவனிச்சிருக்கீங்களா? அடியில் கழுத்து சுருங்கும், உருண்டையாக ஒரு கொத்து மேலே எழும்பும், பிய்ந்து போகும், மறுபடி. தீ அகலமாக அகலமாக இந்த மூச்சு மெதுவாகும். ஒரு மீட்டர் அகலத் தீ நொடிக்கு ஒன்றரைத் தடவை சுமார். நாலு மீட்டர் அகலம் என்றால் முக்கால் தடவை. அகலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் குறையுது. அதனால தொடர்ச்சியாக நூறு படம் அமுக்கிக்கிட்டே இருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா பாருங்க, தாளம் பிடிபடும். கொத்து எழும்பி கழுத்து சுருங்குகிற நேரத்தில் அமுக்குங்க.

நிறம். ஒயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமரா நிறத்தைச் சரிக்கட்டுகிற அளவு) ஆட்டோவில் விட்டால் கேமரா தீயைக் குணப்படுத்தப் பார்க்கும். பகல் வெளிச்ச அளவிலேயே நிறுத்துங்க. அப்போதான் தீ தீயாகவும் அந்தி வானம் நீலமாகவும் இருக்கும். வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் விறகுத் தீ 2000ஐ ஒட்டி, வானம் அதைவிட எவ்வளவோ மேலே. அந்த இடைவெளிதான் படத்தின் அழகே, அதைச் சமன் செய்யக்கூடாது.

ஹிஸ்டோகிராமில் (வெளிச்சம் எவ்வளவு பதிந்தது என்று கேமரா காட்டுகிற வரைபடம்) வெள்ளைக் கோட்டை மட்டும் பார்க்காதீங்க, சிவப்புக் கோட்டைப் பாருங்க. தீயில் முதலில் நிரம்பி வழிகிறது சிவப்பு. அது முட்டிய பிறகு பச்சை மட்டும் ஏறும், ஆரஞ்சாக இருந்தது மஞ்சளாகும், பிறகு வெள்ளை. தம்பியின் வெள்ளைத் துணி அங்கேதான் பிறந்தது. கேமராவைத் தானாக அளக்க விட்டிருப்பார். சுற்றியிருந்த இருட்டைப் பார்த்து அது ஷட்டரைத் திறந்துடுச்சு. அளவை நீங்களே வைக்கிற மேனுவல், சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கிற ரா ஃபைல், அவ்வளவுதான். ஃபோக்கஸைத் தீயில் வைக்காதீங்க, நெளிகிற பொருளை அது பிடிக்காது. விறகு முனையிலோ பக்கத்து ஆளின் தோளிலோ வைத்துப் பூட்டுங்க.

மே 5

நேற்று கத்திரி தொடங்கியாச்சு. ஒரு எச்சரிக்கை: சூட்டில் சென்சார் ரவை கூடும். ஆறேழு டிகிரி ஏறினால் இருட்டிலேயே தானாகச் சுரக்கிற மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பின்லாந்துக்காரன் 15 டிகிரியில் ஐஎஸ்ஓ 6400 வைத்து நாலு நொடி எடுக்கிறான் என்று நீங்களும் 34 டிகிரி ராத்திரியில் வைக்காதீங்க. குறைந்த ஷட்டர் நேரத்தில் இது பெரிசாத் தெரியாது. நொடிக்கணக்கில் திறந்தால் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி தெறிக்கும். கேமராவைத் தீக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் விட்டுட்டு மோர் குடிக்கப் போகாதீங்க.

மே 6

பூக்குழிக்கு மட்டும் சில சொல்றேன், கேமரா விஷயம் இல்ல.

ஃபிளாஷ் கூடவே கூடாது. இறங்குகிறவர் கண் கூசினால் கால் தடுமாறும். குழியின் முடிவில் தண்ணியோ பாலோ ஊற்றிய சிறு குழி இருக்கும் இல்லையா, அதுக்கு நேரே படுத்துக்கிட்டு எடுக்கிற பழக்கத்தை விடுங்க. ஓடி வருகிறவங்களுக்கு நிக்கத் தெரியாது, அது அவங்க வேகத்தின் வழி. பக்கவாட்டில் நில்லுங்க. அருள் வந்து ஆடுகிறவங்களை முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். எடுத்தாலும் வெளியே போடுமுன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை. நைலான் கலந்த சட்டை போடாதீங்க, பொறி விழுந்தால் தோலோடு ஒட்டும். பருத்தி வேட்டி சட்டை உத்தமம்.

பூசாரியிடம் முன்னாடியே போய்ப் பேசுங்க. எத்தனை மணிக்குத் தீ மூட்டுவீங்க என்று கேட்டாலே பாதிக் கதவு திறந்துடும். எத்தனை மணிக்கு மூட்டணும் என்று சொல்லப் போனால் இருந்த கதவும் அடைபடும்.

மே 8

பௌர்ணமி தவறினா என்ன, எட்டாம் பிறைக்கு எடுத்துக்கலாமே, பாதி வெளிச்சம் இருக்குமே? இருக்காது. அரை நிலாவின் வெளிச்சம் முழு நிலாவில் பாதி இல்ல, பத்தில் ஒரு பங்கு சுமார். பக்கவாட்டு வெயிலில் நிலாவின் மேடுபள்ளமெல்லாம் நிழல் விழுந்து கிடக்கும்.

மே 9

ராத்திரி கொஞ்சம் யோசிச்சேன். இதுவரை சாயங்காலத்தைப் பற்றியே பேசிக்கிட்டிருக்கோம். தம்பியின் கேள்வியில் ஒரு வரியை யாருமே தொடல: "மறுநாள் விடியக்காலம் இறங்குறாங்க."

13ஆம் தேதி சூரியன் 5.55 சுமாருக்கு எழும். 5.32க்கு விடிவெள்ளை தொடங்கும். பௌர்ணமி கழிந்த காலை என்பதால் நிலா இன்னும் விழுந்திருக்காது. மேற்கே, தெற்கு வாட்டத்தில், ஒரு முஷ்டிக்கும் குறைவான உயரத்தில் நிக்கும். சாயங்காலக் காட்சி அப்படியே திரும்பி வருது, திசை மட்டும் மாறி.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு, பெரிய வித்தியாசம். சாயங்காலம் தீ கொழுந்து. விடியலில் தீ கங்கு. ராத்திரி முழுக்க வெந்து, தட்டிப் பரப்பி, மேலே லேசாச் சாம்பல் பூத்த கங்கு சுவாலையைவிட நாலைந்து ஸ்டாப் கீழே இருக்கும். தீ தானாகவே வானத்தின் அளவுக்கு இறங்கி வந்திருக்கு. 5.40 சுமாருக்கு வானம், ஆள், கங்கு மூணும் ஒரே அளவில் உட்காரும்; தாழ்ந்த நிலா மட்டும் வெளுத்துப் போகலாம். எஃப்/2, ஐஎஸ்ஓ 3200, 1/125. ஓடுகிற கால் கொஞ்சம் கலங்கும், கலங்கட்டும்.

நின்ற இடத்தை மாத்தணும். இப்போ தீக்கு வடகிழக்கே, கிழக்கு வாட்டத்துல. விடிகிற வானம் உங்க முதுகுப் பக்கம், அந்த வெளிச்சம் இறங்குகிறவங்க முகத்துல மெதுவா விழும். அவங்களுக்குப் பின்னாடி நிலா.

நான் மே 12 சாயங்காலத்தைத்தான் முக்கியமா நினைச்சிருந்தேன். இப்போ கேட்டால், சாயங்காலம் ஒத்திகை, விடியல்தான் படம். சாயங்காலம் எடுத்துட்டுத் தூங்கிப் போயிடாதீங்க.

மே 10

"அப்ப ராத்திரி பத்து மணியிலிருந்து நாலு மணி வரை என்ன செய்றது?" சாப்பிடுங்க. கூத்து நடந்தால் பாருங்க. இல்லைன்னா தீயைப் படத்துல சேர்க்காம, தீ வெளிச்சம் விழுந்த முகங்களை மட்டும் எடுங்க. தீக்கு முதுகு காட்டி நின்னு எடுக்கிற படம்தான் அந்த நேரத்துக்கு. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமார், தாத்தா தோளில் தூங்கிப்போன பிள்ளை. தீ படத்துல இல்லாமலேயே தீப்படம். பேப்பர்காரன் எடுக்காதது இதைத்தான்.

மே 15

தம்பி படம் அனுப்பியிருக்கார். அனுமதியோடு சொல்றேன்.

சாயங்காலம் மேகம். 6.28க்கு நிலாவே இல்லை, ஏழே காலுக்குத்தான் மேகத்தை விட்டு வந்திருக்கு. அதுக்குள்ளே வானம் கறுத்தாச்சு. தீயும் நிலாவும் இருக்கு, நடுவே ஒன்றுமில்லை. நல்லாத்தான் இருக்கு, ஆனா எந்த ஊர்னு சொல்ல முடியாது.

விடியல் படம் வேற. கங்கு மேட்டின் மேல் ஒரு பெரியவர், தலையில் கரகம், பின்னாடி நிலா அவர் முழங்கை உயரத்துல. கங்கு உருகின செம்பு நிறம், வேட்டியில் அந்த மஞ்சள். நிலா லேசா வெளுத்திருக்கு, ஒரு ஸ்டாப் குறைச்சிருக்கலாம். பின்னணியில் டியூப் லைட் ஒன்று பச்சையாக மூலையில் நிக்குது, அதை வெட்டிடுங்க தம்பி. பந்தல்காரரிடம் சொல்லி அந்த ஒன்றை மட்டும் அணைக்கச் சொல்லியிருக்கலாம். செட்டிநாட்டில் எந்த ராத்திரிப் படத்துக்கும் முதல் எதிரி டியூப் லைட், ரெண்டாவது சீரியல் செட்.

மே 16

டியூப் லைட் பற்றி எழுதினதுக்குப் பந்தல் தொழிலில் இருக்கிற அண்ணன் ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார். "வெளிச்சம் இல்லாம ஜனம் தடுக்கி விழுந்தா நீ வருவியா?" நியாயம்தான். வெளிச்சம் வேண்டாம்னு சொல்லலண்ணே, தீயைப் பார்த்துக்கிட்டு நிக்கிற ஒன்றை வேற பக்கம் திருப்பி வைங்க என்கிறேன்.

மே 19

"என் போனில் கங்கு மட்டும் ஊதா கலந்த ரோஸா வருது, பக்கத்தில் இருந்தவர் கேமராவில் சரியா வருது. போன் கோளாறா?"

கோளாறு இல்ல. கங்கு கண்ணுக்குத் தெரிகிற சிவப்பைவிடக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை அள்ளி வீசும். சென்சாருக்கு அது தெரியும். அதைத் தடுக்க முன்னாடி ஒரு வடிகட்டி இருக்கும். சில போன்களில் வடிகட்டி கொஞ்சம் கசியும். கசிந்த அகச்சிவப்பு, சிவப்புக்கட்டத்தோடு நீலக்கட்டத்திலும் பதியும், ரெண்டும் சேர்ந்தால் ஊதா. டிவி ரிமோட்டின் முனையைப் போன் கேமராவில் பார்த்துக்கிட்டே பட்டனை அமுக்குங்க. ஊதாவா மின்னினால் உங்க கேமரா கசியுது. பின் கேமராவில் தெரியாட்டி முன் கேமராவில் பாருங்க. எடிட்டிங்கில் ஊதாவை மட்டும் தேர்ந்து ஆரஞ்சுக்குத் தள்ளலாம். பக்கத்துல ஊதாச் சேலை கட்டினவங்க நின்னா அவங்களும் ஆரஞ்சாகிடுவாங்க, பார்த்துச் செய்யுங்க.

மே 24

ஒட்டுப்படம் பற்றிக் காரசாரமா ரெண்டு பக்கம் போயிருக்கு. ஒரு பக்கம்: நிலாவைத் தனியாக, தரையைத் தனியாக, தீயைத் தனியாக எடுத்து ஒட்டினால் நாலும் கிடைக்குமே, கண் பார்த்ததும் அதைத்தானே. இன்னொரு பக்கம்: அது ஏமாத்து.

என் கட்சி நடுவில் இல்ல, ஆனா கொஞ்சம் கோணல். ஸ்டாண்டை அசைக்காம, ஒரே இடத்தில் நின்னு, ரெண்டு அளவில் எடுத்து ஒட்டுவது எனக்குச் சம்மதம். நிலா அங்கேதான் இருந்தது, அந்த அளவில்தான் இருந்தது. பெரிசாக்கிக் காட்டுகிற 200 லென்ஸில் எடுத்த நிலாவை, அகலமாகக் காட்டுகிற 24 லென்ஸில் எடுத்த கோயிலுக்கு மேல் வைக்கிறது சம்மதம் இல்ல. காரணம் தர்மம் இல்ல, கண். கோபுரத்துல பாதி அகலத்துக்கு நிலா நின்னா, ஏதோ இடிக்குதுன்னு பார்க்கிறவனுக்குத் தெரிஞ்சிடும், என்னன்னு சொல்லத் தெரியாட்டியும். வட பக்கம் நிலா வைத்த ஒரு காலண்டர் படம் பார்த்தேன். அந்தக் கோயில் எனக்குத் தெரியும். அந்த மாசத்து நிலா அங்கே வரவே வராது.

ஒரே இடத்திலிருந்து ஒட்டுகிறவங்களும் ஒன்றைக் கவனிக்கணும். நிலா தன் அகலத்தை ரெண்டு நிமிடத்தில் நகர்ந்து கடக்கும். ரெண்டு படத்துக்கும் நடுவே அரட்டை அடிக்காதீங்க.

ஜூன் 22

யுஹன்னுஸ் படம் வந்தாச்சு. நேற்று இரவு பதினொன்றரைக்கு எடுத்ததாம். ஏரி, தீ, தீக்குப் பின்னாடி பீச் நிறத்துல வானம், ஜனம் முகமெல்லாம் தெளிவாத் தெரியுது. எஃப்/4, ஐஎஸ்ஓ 800, 1/60. நிலா கிடையாது, அதுக்கு இது பௌர்ணமியும் இல்ல. தம்பியின் விடியல் படத்தை அவனுக்கு அனுப்பினேன். "அந்த ஆள் நிஜமாவே அதுமேல நடக்கிறாரா?" என்று அவன் கூட வேலை செய்கிற பெண் கேட்டாளாம். கேமரா செட்டிங் பற்றி யாரும் கேட்கல.

ஜூன் 25

கார்த்திகைச் சொக்கப்பனைக்கு இதே கணக்குச் செல்லுமான்னு கேட்டவருக்கு: பாதி செல்லும். அதுவும் பௌர்ணமியை ஒட்டித்தான், அந்தியில்தான் கொளுத்துவாங்க. ஆனா மழைக்கால நிலா கிழக்குக்கு வடக்கே தள்ளி எழும், வெயில்கால நிலாவுக்கு நேர்மாறா. நிக்க வேண்டிய இடம் தீக்குத் தென்மேற்கே. காய்ந்த பனையோலை பிடித்தால் சில நிமிடத்தில் முடிஞ்சுபோகும், பூக்குழி மாதிரி ராத்திரி பூரா காத்திருக்காது. சுவாலையும் விறகைவிடப் பெரிசா, வெளிச்சமா எழும், அதனால ஷட்டரை 1/500ல தொடங்குங்க. மேகம் இருந்தால் நிலாவை மறந்துட்டு, நனைந்த தரையில் விழுகிற தீயின் பிம்பத்தைப் பிடிங்க. லென்ஸுக்கு ஒரு பழைய வேட்டித் துண்டு, தலைக்கு ஒரு குடை.

ஜூன் 25, இரவு

குடை கறுப்பா இருக்கட்டும். ஒருத்தர் வெள்ளைக் குடை பிடிச்சிக்கிட்டு எல்லார் படத்திலும் நிக்கிறார்.